கெத்சியாளுக்குச் சொல்லாத கடைசி அத்தியாயம்

எங்கள் எம்மாவூரில் நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு இந்த வயதில் தெம்பில்லை. டெங்குக் காய்ச்சலில் ஆறு நாள் கிடந்து பதினோரு வயதில் செத்துப்போன கெத்சியாள், அடக்கம் பண்ணிய இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கோயில் வாசகசாலைக்கு வந்து, அடக்கத்தன்று போட்டுவிட்ட வெள்ளை ஷூவை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எப்போதும் உட்காருகிற ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அந்த மீதிக் கதை எங்க டீச்சர்?" என்று கேட்டாள். வெயிலில் நடந்து வந்ததில் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

நான் அப்போது அலமாரியில் அந்துருண்டை வைத்துக்கொண்டிருந்தேன். பயந்தீர்களா பியூலா டீச்சர் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். பயப்படவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்தப் பெஞ்சில் அவள் இருப்பதைத்தான் ஐந்து வருஷமாகப் பார்த்துப் பழகியிருந்தேன். நடுவில் மூன்று சனிக்கிழமை அவள் இல்லாமல் இருந்ததுதான் எனக்கு விநோதமாகப் பட்டது. "அதை உங்க அம்மாட்டக் கேளு பிள்ள" என்று சொல்லிவிட்டு, அவள் அம்மாவைக் கூப்பிடப் போனேன்.

மீதிக் கதை என்று அவள் எதைக் கேட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எம்மாவூர், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்துச் சின்னக் கிறிஸ்தவ ஊர். நூற்றுப் பத்து வீடு, ஒரு கோயில், கோயிலை ஒட்டி ஓடு போட்ட வாசகசாலை, அதன் சாவி என்னிடம். பிள்ளைகள் பக்தர்களின் வாழ்க்கை வரலாறுகளை வாசித்து வாசித்துச் சலித்துப்போய், வானத்தில் பறக்கிற கதை வேண்டும், நட்சத்திரத்துக்குப் போகிற கதை வேண்டும் என்று நச்சரிக்க, அந்த மாதிரிக் கதையில் பிசாசு புகுந்துவிடும் என்று பெரியவர்கள் கலங்க, இரண்டு பேரையும் சமாதானம் பண்ணுவதற்காகச் சபையில் ஒரு குழு போட்டார்கள். உபதேசியார் பாக்கியநாதன், நடுநிலைப்பள்ளித் தமிழாசிரியையும் கெத்சியாளின் தாயுமான எப்சிபா, நான் என்று மூன்று பேர். வருகிற ஒவ்வொரு கதைப் புத்தகத்தையும் நாங்கள் மூவரும் முதலில் வாசித்து, வேதத்துக்கு ஒவ்வாததை நீக்கிவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். சிவப்புப் பென்சில், பசை, பிளேடு, இவைதான் எங்கள் ஆயுதம்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சூனியக்காரி என்று வந்த இடத்திலெல்லாம் வெள்ளைத்தாள் ஒட்டி "பொல்லாத அத்தை" என்று எழுதினோம். ஊரிலுள்ள அத்தைமார் எங்கள்மேல் மனஸ்தாபப்பட்டார்கள். பறக்கும் கம்பளத்தைப் பாய் ஆக்கினோம், பறந்ததை நடந்தது ஆக்கினோம். ஒரு பாய் தன்பாட்டுக்கு மூன்று ராஜ்யத்தைக் கடந்து நடந்து போவதில் எங்களுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. வெட்டுகிற வேலை எப்சிபாவுடையது. அவள் கை அத்தனை சுத்தம். அவள் பிளேடு போட்டு எடுத்த பிறகு அங்கே ஒரு பக்கம் இருந்தது என்று பெற்ற தகப்பனான ஆசிரியனுக்கே தெரியாது.

அப்படித்தான் "வானத்து ஓடம்" என்கிற புத்தகம் வந்தது. யார் எழுதியது, எந்தப் பாஷையிலிருந்து வந்தது என்று சொல்லும் முதல் தாள் கிழிந்துபோயிருந்தது. அந்தக் கதையில் வானம் ஒரு கடல், நட்சத்திரங்கள் தீவுகள். லினா என்கிற ஓடக்காரன் மகள், கடைசித் தீவில் பசியாய்க் கிடக்கிற ராஜகுமாரனுக்கு ஒரு முழு ரொட்டியை எடுத்துக்கொண்டு தனியாகத் துடுப்புப் போட்டுப் போகிறாள். வழியில் ஒவ்வொரு தீவிலும் பசித்தவர்கள் கை நீட்ட, ஒவ்வொரு துண்டாகப் பிட்டுப் பிட்டுக் கொடுத்து, கடைசித் தீவு கண்ணுக்குத் தெரியும்போது கையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு கடைசி அத்தியாயம். அதில் கரையில் அவளுக்கு முந்திச் செத்துப்போன தம்பி உட்கார்ந்திருக்கிறான், இருவரும் பேசுகிறார்கள். செத்தவர்களோடு பேசுவது வேதத்துக்கு விரோதம் அல்லவா. உபதேசியார் தாடையைச் சொறிந்தார். கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன் நான். "கதைன்னா மட்டும் கட்டளை மாறிப்போவுமாக்கா?" என்று கேட்டுவிட்டு, எப்சிபா பதினோரு பக்கத்தையும் வெட்டி, கோயில் அசன விருந்துக்குச் சோறு பொங்குகிற அடுப்பில் போட்டாள். அன்றைக்கு அசனம், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் புத்தகத்தைத்தான் கெத்சியாள் மழைக்கால விடுமுறையில் வாசித்தாள். ஓடம் கரையை நெருங்குகிறது, பக்கத்தைத் திருப்பினால் அட்டை. அம்மாவைக் கேட்டாள். அம்மா அப்புறம் என்றாள். அப்புறம் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து, "லினா கையில ரொட்டியே இல்லியே, அங்க போயி என்னம்மா செஞ்சா?" என்று கேட்டிருக்கிறாள். "உடம்பு சரியாவட்டும், நானே சொல்லுதேன்" என்று எப்சிபா சொல்லியிருக்கிறாள். ஆறாம் நாள் விடிகிற நேரத்தில் பிள்ளை போய்விட்டது.

நான் போய்க் கெத்சி வந்திருக்கிறாள் என்று சொன்னபோது எப்சிபா எந்தக் கெத்சி என்று கேட்கவில்லை. மாடத்திலிருந்த சீப்பை எடுத்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் என்னோடு நடந்தாள். வாசகசாலைக்குள் வந்து, மகளின் பின்னால் உட்கார்ந்து, தலையை அவிழ்த்து வாரிப் பின்னினாள். தொட்டால் முடி முடியாகத்தான் இருந்தது, தலையில் வழக்கம்போல எண்ணெய் நிற்கவில்லை, அதற்காக வழக்கம்போல ஏசினாள். பின்னி முடித்ததும், "இப்பவாவது சொல்லும்மா" என்றாள் பிள்ளை. எப்சிபா வாயைத் திறந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவைக் கேட்க வந்தவள் முடிவைக் கேட்டதும் போய்விடுவாள் என்பது எந்தத் தாய்க்கும் கணக்குப் போடாமலே தெரிகிற விஷயம். திறந்த வாயை மூடி, மறுபடி திறந்து, "அது கெடக்கட்டும் ஏட்டி, அதவிட நல்ல கதை ஒண்ணு வச்சிருக்கேன், அதைக் கேளு மொதல்ல" என்றாள். அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து வாசித்தாள். ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் கெத்சியாள் ஷூவைப் போட்டுக்கொண்டு தேரிப் பக்கமாக நடந்து போனாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்கள். இரண்டு வாரம் பயந்தது, மூன்றாம் வாரம் பழகிவிட்டது. உபதேசியார் முதலில் இது அசுத்த ஆவியாக இருக்கலாம் என்று அவள் முன்னால் முழங்கால் போட்டு அரை மணி நேரம் ஜெபம் பண்ணி விரட்டினார். ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் முந்திக் கெத்சியாள்தான் ஆமென் சொன்னாள். ஆமென் சொல்லுகிறது அசுத்த ஆவியாக இருக்க முடியாது என்று அவரே எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பதினொரு ஊருக்குப் பொதுவான எங்கள் பாதிரி ஐயர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் முதலில் எட்டி நின்றார்கள், பிறகு ஒட்டி உட்கார்ந்தார்கள், பிறகு செத்தவளுக்கு மட்டும் எப்போதும் ஜன்னலோரமா என்று என்னிடம் வந்து முறையிட்டார்கள். அந்த வருஷத்து அசனம் சனிக்கிழமையில் வந்ததால் பந்தியில் அவளுக்கும் ஓர் இலை போட்டார்கள். பசிக்கவில்லை என்று இலையை மூடாமல் எழுந்ததற்கு, பரிமாறிய அண்ணாச்சி செத்த பிள்ளை என்றும் பாராமல் சத்தம் போட்டார்.

ஆனால் அவளை வரவைப்பது லேசான காரியமாக இல்லை. கதை நன்றாக இருந்தால் பிள்ளை கெட்டியாக, கன்னத்தில் ரத்தம் ஓட உட்கார்ந்திருப்பாள், தரையில் அவள் நிழல் விழும். கதை சொத்தையாக இருந்தால் நிழல் மங்கும், சட்டை வெளிறும், அவள் முதுகு வழியாகப் பெஞ்சின் பலகை தெரிய ஆரம்பிக்கும். மூன்றாம் வாரமே ஒரு புத்தகத்தில் அப்படி ஆனது. விண்கலத்தில் செவ்வாய்க்குப் போகிறவர்கள் இறங்கிய நாலாம் பக்கத்தில் அங்குள்ளவர்கள் அத்தனை பேரும் மனந்திரும்பி, மீதி நூறு பக்கமும் சாட்சி சொல்லுகிற புத்தகம். "இது பிரசங்கம்மா" என்றாள் கெத்சியாள் கொட்டாவியோடு, "கதைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காவ." கொட்டாவி விட்ட வாய் வழியாக எனக்குச் சுவர்க் காலண்டர் தெரிந்தது. எப்சிபா புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

அன்றிலிருந்து எங்கள் ஊர் முழுவதும் புத்தகம் தேட ஆரம்பித்தது. பெங்களூரில், மும்பையில், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற எம்மாவூர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்தி போயிற்று: பறக்கிற கதையாக இருக்க வேண்டும், அதற்குள் ஆண்டவரும் இருக்க வேண்டும், ஆனால் அவர் வாயைத் திறந்து பிரசங்கம் பண்ணக்கூடாது. கேட்பதற்குச் சுலபம். வந்து இறங்கிய மூட்டைகளில் பாதிக்குமேல், முதல் பக்கத்திலேயே டிராகன்தான் சாத்தான் என்று சொல்லிவிடுகிற புத்தகங்கள், நல்லவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிற புத்தகங்கள், பிள்ளைகளைப் பயமுறுத்தி ஜெபிக்க வைக்கிற புத்தகங்கள். நாங்கள் மூவரும் ராஜாவின் சமையலை ருசி பார்க்கிறவர்களைப் போல அத்தனையையும் வாசித்தோம். முன்பெல்லாம் எதை வெட்டலாம் என்று வாசித்தவர்கள், இப்போது நிழல் விழுமா என்று வாசித்தோம். சிவப்புப் பென்சில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. உபதேசியார் ஒருநாள் ஒரு புத்தகத்தை என்னிடம் நீட்டி, "இதுல மந்திரவாதி வாரான் டீச்சர், ஆனா அவன் அழுதான், நானும் அழுதுட்டேன், இதைக் குடுப்போம்" என்றார். அன்று சாயங்காலம் கெத்சியாளின் நிழல் பக்கத்துப் பெஞ்சுவரை நீண்டு விழுந்தது.

நல்லவை இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். நூறு மூட்டைக்கு நாலு. காற்றில்லாத சந்திரனில், சத்தம் கேட்காது என்று தெரிந்தும் தினம் ஆராதனைக்கு மணி அடிக்கிற ஒரு கிழவனின் கதை. தனக்கும் ஆராதனையில் இராப்போஜன அப்பம் தரவேண்டும் என்று கோயில் படியில் நாற்பது வருஷம் காத்திருந்து துருப்பிடித்த ஓர் இயந்திரத்தின் கதை. ஒருவருமே சாகாத ஒரு கிரகத்துக்குப் போன மிஷனெரி, பெரிய வெள்ளிக்கிழமையை அவர்களுக்குப் புரியவைக்க முடியாமல் தவித்துப்போய், கடைசியில் அவரே செத்துக் காட்டுகிற கதை. அதை எப்சிபா வாசித்தபோது ஊரில் பாதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்கள். இங்கிலீஷ் புத்தகங்களையும் மலையாளப் புத்தகங்களையும் அவள் அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போவாள், எங்கும் தட்டாது. ஐயர்கூடத் தானே ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தார். நிழல் விழவில்லை. மனுஷன் ஒரு மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை.

கெத்சியாளின் அப்பா ஜெபராஜ் மஸ்கட்டில் இருந்தான். அடக்கத்துக்கு வந்துவிட்டுப் போனவனுக்கு உடனே மறுபடி லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை தோறும் எப்சிபா போனைப் போட்டுப் பெஞ்சில் வைப்பாள். பிள்ளையின் குரல் போனில் ஏறவில்லை. எப்சிபா வாசிப்பதும், நடுவில் நிறுத்தி யாருக்கோ பதில் சொல்லுவதும், சிரிப்பதும் மட்டும்தான் அவனுக்குக் கேட்கும். அந்த இடைவெளிகளில் மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அவன் மூன்று மணி நேரமும் போனை வைக்காமல் இருப்பான்.

ஒவ்வொரு வாரமும் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கெத்சியாள் கேட்பாள்: "வானத்து ஓடம் எப்பம்மா?" எப்சிபா சொல்லுவாள்: "அடுத்த வாரம்." எனக்கு முடிவு தெரியும். உபதேசியாருக்கும் தெரியும். நாங்கள் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்ளுவோம்.

சித்திரை பிறந்ததும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்திக்கும் செத்துப்போன ஒருவர் இருந்தார். ஒருத்தி தன் புருஷனிடம் பெரியவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொல்லச் சொன்னாள். இன்னொருத்தி தன் தாயிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள், எதற்கென்று சொல்லவில்லை. கெத்சியாள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் அவியளை ஒருத்தரையும் பாக்கலியே, அத்த. நான் இன்னும் அங்ஙன போகலியே."

"பொறவு எங்ஙன பிள்ள இருக்க?"

"போற வழியில ஒரு திருப்பம் இருக்கு, அங்ஙன நிக்கேன். ஆஸ்பத்திரியில எங்கூட இருந்த பிள்ளைங்க எல்லாம் முன்னால போயிட்டாவ. கதை ஒண்ணு பாக்கி இருக்கு, கேட்டுட்டு வாரேன்னு நான்தான் சொன்னேன். இப்ப யாரும் இல்ல. நான் மட்டும்தான் நிக்கேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சடையை முன்னால் போட்டு ரிப்பனைச் சரிபண்ணினாள். வந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்சிபா யாரையும் பார்க்கவில்லை. அன்று அவள் வாசித்த கதை எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லை.

அதன் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. முடிவைச் சொல்லிப் பிள்ளையை அனுப்பிவிடு என்றார்கள் பாதிப்பேர். பெற்றவள் அல்லவா, அவளுக்கு மனசு வரும்போது சொல்லட்டும் என்றார்கள் மீதிப்பேர். உபதேசியார் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய், நானும் கூடப் போயிருந்தேன், தயங்கித் தயங்கி, வேதத்தில் ஒரே நாளில் பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த மனுஷனுக்கு ஆண்டவர் திரும்பவும் பிள்ளைகளைத் தந்தார் அல்லவா, உங்களுக்கும் வயதிருக்கிறது என்றார். நல்ல மனுஷன்தான், வாய்க்குத்தான் விவரம் போதாது. எப்சிபா அழவில்லை.

"அவருக்குப் பிந்திப் பொறந்த மூணு பொண்ணுவ பேரையும் எழுதி வச்சிருக்காவ, உபதேசியாரே. அதுல ஒரு பேருதான் எம்பிள்ளைக்கு வச்சது. மொதல்ல செத்தாளுவள்லா மூணு பேரு, அதுவ பேரு என்ன? சொல்லுங்க பாப்போம்."

நாங்கள் காபி குடிக்காமல் திரும்பினோம். வழியில் அவர் சொன்னார், நீங்களாவது பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் டீச்சர், உங்களுக்கும் முடிவு தெரியுமே என்று. தெரியும். எந்தச் சனிக்கிழமையும் எப்சிபா வருவதற்கு முந்தி நான் சொல்லியிருக்கலாம். கல்யாணம் காட்சி இல்லாத எனக்கு, வாரத்தில் ஆறு நாளும் பூட்டைத் திறந்து பூட்டைப் பூட்டுகிற எனக்கு, அந்தச் சனிக்கிழமை வேண்டியிருந்தது. பிள்ளைக்காக வாய் மூடியிருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் எங்கள் தேரி இடம் பெயரும். நேற்று இருந்த மணல்மேடு இன்று இருக்காது, செம்மண் வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானைவரை இறங்கும். கெத்சியாள் மூன்று மணிக்கு வருவது நின்று நாலு மணி ஆனது, பிறகு ஐந்து. மூட்டைகளும் வருவது நின்றுவிட்டது. தேடுவதற்கு இனி ஊரில்லை. வாசித்த நல்ல கதைகளையே எப்சிபா இரண்டாம் தடவை வாசித்தாள், நிழல் பாதிதான் விழுந்தது. அந்தக் கடைசிச் சனிக்கிழமை பிள்ளை வந்தபோது மணி ஐந்தரை. வெள்ளைச் சட்டை முழங்கால்வரை சிவந்திருந்தது, ஷூவின் அடி தேய்ந்து விரல் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும், "கால் வலிக்கும்மா" என்றாள். எட்டு மாதத்தில் வலிக்கிறது என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

எப்சிபா அந்தக் காலை எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் மணலைத் துடைத்தாள்.

"ரொம்ப தூரமா ஏட்டி?"

"ஒவ்வொரு வாட்டியும் கூடிட்டே போவுதும்மா. அங்ஙன இருட்டிட்டும் வருது. இனிமே வந்தா திரும்பிப் போறதுக்கு வழி தெரியுமான்னு தெரியல."

எப்சிபா துடைத்துக்கொண்டே இருந்தாள். மணல் போன பிறகும் துடைத்தாள். அறையில் அன்று இருபது பேருக்குமேல் இருந்தோம். அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள், பெஞ்சிலிருந்த போனை எடுத்து, "இன்னிக்கு வச்சிருதேங்க" என்று புருஷனிடம் சொல்லி அணைத்தாள், பிறகு மகளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற அந்தத் தெளிவான குரலில் ஆரம்பித்தாள்.

"ஓடம் கரை தட்டிச்சு, ஏட்டி. கரையில லினாவுக்கு முந்திச் செத்துப்போன அவ தம்பி உக்காந்திருந்தான். லினா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டி அழுதா. ஒரு முழு ரொட்டி கொண்டாந்தேன், ஒரு துண்டுகூட மிச்சமில்ல, ராசகுமாரனுக்கு என்னத்தக் குடுப்பேன்னு கேட்டா. தம்பி சிரிச்சான். நீ வழியில குடுத்த துண்டெல்லாம் உனக்கு முந்தி இங்ஙன வந்துட்டு, ராசகுமாரன் சாப்பிட்டு எந்திரிச்சிட்டாவ, இப்ப உன்னைத்தான் தேடிட்டு இருக்காவன்னான். அவ கையில இருந்த துடுப்ப வாங்கி ஓடத்துல போட்டான். பொறவு ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு மேட்டுல ஏறி ஓடிட்டாவ."

"பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்ல. அதோட முடிஞ்சிட்டு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் ஏட்டி."

கெத்சியாள் கொஞ்சம் யோசித்தாள். ஒரு வருஷம் ஆசையாகக் காத்திருந்து கையில் வாங்கிப் பார்த்தால் சின்னதாக இருக்கிற பொருளைப் பார்க்கிற முகம் அது. "இதையாம்மா வெட்டுன? இதுல என்ன இருக்குன்னு வெட்டுன?" என்றாள்.

"தெரியாம வெட்டிட்டேன். அம்மா செஞ்சது தப்புதான்."

"சரி" என்றாள் பிள்ளை. மடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போய் ஷூவைப் போட்டாள், வாரைக் கட்டினாள், "போறேம்மா" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடுமே, அந்த ஓட்டம் ஓடினாள். கால் வலி எங்கே போயிற்றோ. நாங்கள் எல்லாரும் வாசலில் முண்டியடித்து நின்றோம். தேரி மேட்டில் ஏறுகிறபோதாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தோம். ஒரு தடவை, அரைத் தடவை. அவள் திரும்பவே இல்லை. எப்சிபா கூப்பிடவும் இல்லை. இரண்டு கையாலும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், காற்று மணலை வாரி வாரி அவள் முகத்தில் அடித்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளை இறங்கி மறைந்த பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். உட்காரவில்லை, விழுந்தாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் உதட்டில் ரத்தம் வந்திருந்தது.

புத்தகத்தில் முடிவு அப்படி இல்லை. அது உபதேசியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புத்தகத்தில், தம்பி வா என்று கையை நீட்டுகிறான், லினா ஓர் அடி எடுத்து வைக்கிறாள், பிறகு திரும்பிப் பார்க்கிறாள். அத்தனை தண்ணீருக்கும் அப்பால், அவள் புறப்பட்டு வந்த கரையில், அவள் அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா என்று லினா கூப்பிடுகிறாள். மகளே என்று அம்மா கூப்பிடுகிறாள். மூன்று முழுப் பக்கம் இருவரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யார் முதலில் நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை, தம்பி துடுப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அந்தப் புத்தகத்திலேயே நல்ல இடம் அதுதான். குழுவில் வாசித்தபோது நானும் எப்சிபாவும் தனித்தனியாக அழுதது அந்த இடத்துக்குத்தான். அவளுக்கு அந்த மூன்று பக்கமும் மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும்; கெத்சியாளை அடக்கம் பண்ணின அன்று, ஜெபங்களுக்கு நடுவில், அவள் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் பிள்ளை திரும்பிப் பார்க்கும் என்று நினைத்து, அந்த மூன்று பக்கத்தையும் இரண்டாம் தடவை வெட்டி எடுத்துவிட்டுக் கதையைச் சொன்னாள்.

உபதேசியாரும் நானும் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எப்சிபாவிடமும் இதைப் பற்றிப் பேசினதில்லை. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் வாசகசாலையில் கூடினால் அந்தப் பேச்சு வராமல் இருக்காது: எட்டு மாதம் ஊரையே அலையவிட்ட கதைக்கு இப்படி ஒரு முடிவா, சப்பென்று இருக்கிறதே என்பார்கள். எப்சிபா பெரும்பாலும் அங்கேதான் இருப்பாள், புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டு. கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல், "ஆமா, முடிவு சுமார்தான்" என்பாள்.